ஒரே அரைஞாண் கயிறு, இரண்டு கடிதங்கள்

என்னிடம் வேலை பழகிய உங்களில் பலர் இப்போது கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு வந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இனி என்னைத் தேடி வர மாட்டார்கள், உங்கள் ஓ.பி. அறை வாசலில்தான் நிற்பார்கள். அங்கே ஸ்டெப் என்கிற தகுதிப் பரீட்சையின் மதிப்பெண் மட்டும் போதாது, கூட வேலை பார்த்த மூத்த மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். என் பிரிவுபசார விழாவில் எல்லோரையும் வாழ்த்திவிட்டு நல்லபிள்ளையாக வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது அந்தக் கடிதங்களைப் பற்றியது.

யார் வந்து கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். "நீயே எழுதிட்டு வா மக்கா, நான் கையெழுத்துப் போட்டுத் தாறேன்." இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் பயிற்சியில் இருந்தபோது என் தலைமை மருத்துவரும் இதையேதான் சொன்னார். நானே என்னைப் பற்றி எழுதினேன். 'பணிவு மிக்கவர்' என்று போட்டுவிட்டு, 'மிக்க' கொஞ்சம் அதிகமோ என்று வெட்கப்பட்டு அடித்தேன், பிறகு மறுபடி சேர்த்தேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. பெரிய டாக்டர்கள் இப்படித்தான் இருப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். பிறகு நானும் பெரிய டாக்டர் ஆகிவிட்டேன்.

அமெரிக்க விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. 'இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று விண்ணப்பிப்பவர் அதில் டிக் போடவேண்டும். எழுதுகிறவர் பயமில்லாமல் உண்மையை எழுதட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நம் ஊரில் அந்த டிக்கைப் போடுகிற பிள்ளைதான் கடிதத்தையே எழுதியிருக்கும். என் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பைத் திறந்து, என் கணினி முன்னால் உட்கார்ந்து, கடிதத்தை ஏற்றிவிட்டு, "முடிஞ்சிது மேடம்" என்று சொல்லிப் போவதும் அதே பிள்ளைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த நோயாளிக்கு மருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு வருஷம் எங்கள் வார்டில் இரண்டு டியூட்டி டாக்டர்கள் இந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். ஒருத்தி சுபா. கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அய்யாவழிக் குடும்பத்துப் பெண். அதிகம் பேச மாட்டாள், கேஸ் ஷீட்டை முத்துமுத்தாக எழுதுவாள். மற்றவன் ரெஜின், தேங்காய்ப்பட்டணத்துக்காரன். அப்பா வளைகுடாவில். வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும். இருவரும் சேர்ந்தே படித்தார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள்.

விண்ணப்பம் போட்டதில் ரெஜினுக்கு நான்கு மருத்துவமனைகள் நேர்காணலுக்கு அழைப்பு அனுப்பின. சுபாவுக்கு ஒன்றே ஒன்று. அதே மருத்துவமனை ரெஜினின் நான்கில் ஒன்றாகவும் இருந்தது. சுபா முந்தின வருஷமும் முயன்று ஒரு அழைப்பும் வராமல் போனவள். படிப்பை முடித்து வருஷம் கூடக்கூட அங்கே மதிப்புக் குறையும். அதனால் அந்த ஒரு மருத்துவமனையில்தான் அவளுக்கு எல்லாம் இருந்தது. நேர்காணல் நன்றாக முடிந்தது என்று இருவருமே சொன்னார்கள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓ.பி. தொடங்குவதற்கு முன் மின்னஞ்சலைத் திறந்தேன். அந்த மருத்துவமனையின் பயிற்சித் தலைவர் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம்தான். விஷயம் இதுதான்: உங்கள் கையெழுத்துடன் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் ஒரே நோயாளி, இடுப்பில் ஒரே கறுப்புக் கயிறு. ஒன்றில் அந்த நோயைக் கண்டுபிடித்தது சுபா. மற்றதில் ரெஜின். யார் என்று தெளிவுபடுத்த முடியுமா? விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் எங்கள் குழு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கூடுகிறது. பதில் இல்லையென்றால் இருவரையுமே வரிசையில் சேர்க்க இயலாது.

அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்கு அன்றே மாலை ஏழரை. அப்போது மணி ஒன்பதே கால். அங்கே முந்தின நாள் இரவு பத்தே முக்கால், போன் செய்து அவகாசம் கேட்கவும் வழியில்லை. முப்பது வருஷமாக எத்தனையோ பேரின் நாடித்துடிப்பு இறங்குவதைப் பார்த்தவள் நான், அந்த இரண்டு பத்தி ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நோயாளியை எனக்கு ஞாபகம் இருந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றுகிறவர், ஐம்பது வயதுக்கு மேல். எட்டு நாள் காய்ச்சல், தட்டணுக்கள் குறைவு, மூச்சு வாங்கல். டெங்கு என்று நினைத்துக் குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் அது உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அதைக் கண்டால் சாதாரண மாத்திரையில் ஆள் பிழைப்பார், காணாமல் விட்டால் போய்விடுவார். அவருக்கு அந்தப் பொருக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கயிற்றைத் தொடவே அவர் விடவில்லை. நம் பக்கத்தில் ஆண்பிள்ளையின் அரைஞாண் கயிற்றை எப்போது அறுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இருவரையும் என் அறைக்குக் கூப்பிட்டு மின்னஞ்சலைக் காட்டினேன். படித்து முடித்ததும் சுபாதான் முதலில் பேசினாள்.

"கேஸ் ஷீட்ட எடுத்துப் பாருங்க மேடம். அதுல எனக்க கையெழுத்துதான் இருக்கும்."

"கையெழுத்து இருக்கும்," என்றான் ரெஜின். "நான் இல்லேன்னா அந்த ஆளு கயித்தத் தொட விட்டிருப்பாரா? ஒனக்க பேச்சு அவருக்குப் புரிஞ்சுதா? அவருக்க பேச்சு ஒனக்குப் புரிஞ்சுதா?"

"அதுக்காவ நீ கண்டுபிடிச்சேன்னு எழுதுவியா?"

"நீ மட்டும் தனியா நின்னேன்னு எழுதுவியா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது எனக்கு. அவர்களை வார்டுக்கு அனுப்பிவிட்டு, பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். அது கைக்கு வரும்போது மணி இரண்டு. நடுவில் நாற்பது நோயாளிகளைப் பார்த்தேன். அதில் ஒரு அம்மாவிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "என்ன டாக்டரம்மா, ஒங்களுக்கும் சொகமில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேஸ் ஷீட்டில் சுபாவின் முத்தெழுத்து தெளிவாக இருந்தது. 'இடுப்பில், கயிற்றின் அடியில், கறுத்த பொருக்கு.' ரெஜினின் பெயரே அந்தப் பக்கத்தில் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெரிய நிம்மதி. ஆதாரம் கிடைத்துவிட்டது. அதுவும் சௌகரியமான ஆதாரம். ரெஜினுக்கு இன்னும் மூன்று இடம் இருக்கிறது, சுபாவுக்கு இது மட்டும்தான். அவள் பெயரைச் சொன்னால் ஒருத்தி பிழைப்பாள், மற்றவனும் முழுகிவிட மாட்டான். 'சுபாதான்' என்று ஆங்கிலத்தில் இரண்டே வரி தட்டச்சு செய்தேன். அனுப்பும் பொத்தானின் மேல் விரலும் வைத்தேன்.

அனுப்பவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம், அது வெறும் தொழில் பழக்கம். லேப் ரிப்போர்ட் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் மருந்தை மாற்றியதில்லை. கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் அவருடைய போன் நம்பர் இருந்தது.

மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார். பின்னால் துறைமுகத்தின் கூச்சல். நான் நாஞ்சில் நாட்டு வயல் பக்கத்துக்காரி. தேங்காய்ப்பட்டணத்து மேற்கத்திப் பேச்சை வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். பைய சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"அந்தப் பிள்ள கையில கத்திரிய வச்சிட்டு வந்து நின்னுது டாக்டரே. எனக்க கயித்த அறுக்க வருதுன்னு நெனச்சுப் போட்டேன். அது எனக்க அம்மை கெட்டுனது. செத்துப்போனாத்தானே அத அறுப்பாவ? நான் சாவல்ல, போ பிள்ளேன்னு சத்தம் போட்டேன். அப்பம் எங்க ஊருப் பய ஒருத்தன் அடுத்த கட்டிலேருந்து சாடி வந்தான். மாமா, அறுக்கண்டாம், மேல நவுத்துனா போரும், நானே பிடிச்சிக்கிடுகேன்னு சொன்னான். அவன் நவுத்திப் பிடிச்சான், அந்தப் பிள்ள டார்ச்சடிச்சுக் குனிஞ்சு பாத்துது. பாத்ததும் அதுக்க மொகம் மாறிச்சு. ரெண்டுபேருமா சாடி ஓடி மருந்து எடுத்திட்டு வந்தாவ."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானா?"

"பின்னே? ஒருத்தரு பிடிக்காம ஒருத்தரு எப்பிடிப் பாக்க? ரெண்டும் நல்ல பிள்ளியோ." பிறகு அவரே கேட்டார். "ஆமா, நீங்க எந்த டாக்டரு? அன்னைக்கி நீங்க அங்க இல்லியே?"

இல்லைதான். அன்றைக்கு நான் திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது அவர் காய்ச்சல் இறங்கித் தூங்கிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, கணினியில் கிடந்த அந்த இரண்டு கடிதங்களையும் திறந்தேன். கையெழுத்துப் போட்டு ஐந்து மாதம் கழித்து, முதல் தடவையாகப் படித்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி ஒரு வாக்கியம் இருந்தது: 'இதை நான் அருகில் நின்று என் கண்ணால் பார்த்தேன்.'

பிள்ளைகள் பாதி உண்மையை முழு உண்மை என்று எழுதியிருந்தார்கள். அவர்களாவது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள். அங்கே இல்லவே இல்லாத ஒருத்தி நான்தான். என் பெயர்தான் இரண்டு தாளிலும் கீழே இருந்தது.

மணி நாலரைக்குப் புதிதாக எழுதினேன். இருவரும் சேர்ந்து செய்தது இது, யார் என்ன செய்தார்கள் என்று விவரித்தேன். கடிதங்களை அவர்களையே எழுதி வரச் சொல்லி நான் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்றும், சம்பவத்தின்போது நான் ஊரிலேயே இல்லை என்றும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் இருவரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர்கள் வாழ்க்கை அது, தெரியாமல் அனுப்பக்கூடாது என்று தோன்றியது.

ரெஜின் தலையைக் குனிந்துகொண்டான். சுபா கடைசிப் பத்தியில் நின்றாள்.

"மேடம், இது வேண்டாம்."

"எது?"

"நீங்க ஊருல இல்லன்னு எழுதினது. அவங்க அதக் கேக்கலியே மேடம். ரெண்டு பேரும் செஞ்சோம்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே? அத மட்டும் சொன்னாப் போதுமே."

அவள் சொன்னது சரிதான். அவர்கள் கேட்கவில்லை. இளையவர்களே, நெருக்கடியில் நம்மைக் கவிழ்ப்பது பொய் அல்ல. கேட்காததைச் சொல்லத் தேவையில்லை என்கிற அந்த நியாயமான குரல்தான். நானும் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டினேன். அந்தப் பத்தியை அழித்தேன், திரும்பச் சேர்த்தேன்.

"சுபா, ரெண்டு கடிதத்திலயும் 'என் கண்ணால பார்த்தேன்'னு இருக்கு. இப்பம் நான் சொல்லுகதையும் அவங்க எதை வச்சு நம்பணும்?"

"எனக்கு இது ஒண்ணுதான் மேடம் இருக்கு." என்றாள் சுபா. "வேற எடமே இல்ல. ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மக்கா."

"தெரிஞ்சுமா?"

அப்போது ரெஜின் போனை எடுத்து நீட்டினான். "மேடம், எனக்குள்ள மத்த மூணு எடத்துலயும் இதே லெட்டர்தான் போயிருக்கு. அட்ரஸ் இதுல இருக்கு." அதுவரை அவனை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு நான்கு இடத்துக்கும் அனுப்பினேன். அனுப்பியதும் சுபா எழுந்து போய்விட்டாள். அவள் ஸ்டெதாஸ்கோப் என் மேஜையிலேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, வயசான காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு பெண்ணின் வழியை என் சோம்பேறிக் கையெழுத்து அடைத்துவிட்டது. அதைத் திறக்கவும் எனக்குத் தெரியவில்லை.

ஏழே காலுக்குப் பதில் வந்தது. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, இரண்டு கடிதங்களையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வைத்து முடிவு செய்கிறோம் என்று இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று மார்ச் மாதம் தெரிந்தது. ரெஜினுக்கு மற்ற மூன்றில் ஒன்றில் இடம் கிடைத்தது. சுபாவுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் இல்லாததால்தான் போனதா, இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. என் மனசு மட்டும் முதலாவதைத்தான் இன்றைக்கும் சொல்கிறது.

அதன் பிறகு அவள் வார்டில் "யெஸ் மேடம்", "நோ மேடம்" தவிர என்னிடம் பேசவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்காமல் கேஸ் ஷீட்டைப் பார்த்தே ரவுண்ட்ஸ் முடித்தேன். ஜூன் மாதம், இடைவிடாமல் மழை பெய்த ஒரு மத்தியானம், அறைக்கு வந்து நின்றாள். கையில் தாள் இல்லை, கோப்பு இல்லை.

"இந்த வருஷம் இன்னொரு தடவ போடுகேன் மேடம். ஒங்க லெட்டர் வேணும்."

"என் லெட்டரா? என் பேரப் பாத்தாலே தூக்கிப் போட்டிருவாங்க பிள்ளே."

"அவங்களுக்கு நீங்க என்ன எழுதினீங்கன்னு நான் பாத்தேனே மேடம். ஒங்களுக்கே கெடுதலா இருந்ததையும் எழுதினீங்க. அப்பிடிப்பட்ட ஆள்ட்டருந்து ஒரு லெட்டர் வேணும்." பிறகு சேர்த்தாள். "ஆனா நான் எழுதிட்டு வர மாட்டேன். என்னப் பத்தி ஒங்களுக்கு ஏதாவது ஓர்மை இருந்தா எழுதுங்க. இல்லன்னா வேண்டாம்."

யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் என் கூட வேலை பார்த்தவள். முத்தான கையெழுத்து, அரைஞாண் கயிறு, அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. கயிற்றைக்கூட நான் பார்த்ததில்லை.

"இப்பம் எனக்கு எழுத ஒண்ணும் தெரியாது," என்று சொன்னேன். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா. நீ நோயாளியப் பாரு, நான் ஒன்னப் பாக்கேன்."

ஆறு வாரம் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். அவள் பொறுமை எங்கே முடிகிறது, தப்பு செய்தால் எவ்வளவு நேரத்தில் அதைத் தானே சொல்கிறாள், யாரிடம் குரல் இறங்குகிறது, யாரிடம் ஏறுகிறது என்று ஒரு நோட்டில் குறித்தேன். கடிதம் ஒரு பக்கம்தான் வந்தது. அதில் அவளுடைய ஒரு குறையும் இருக்கிறது. நானே தட்டச்சு செய்து, என் பேத்தியிடம் கேட்டுக் கேட்டு நானே ஏற்றினேன்.

அடுத்த மார்ச்சில் கொட்டாரத்திலிருந்து போன். பின்னால் வீடு முழுக்கச் சத்தம், யாரோ அழுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

"கிடைச்சாச்சு மேடம்!"

அவள் அழுது முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "மேடம், நேர்காணல்ல ஒங்க லெட்டரப் பத்தித்தான் ரொம்ப நேரம் பேசினாங்க. அதுல என்னதான் எழுதினீங்க?"

"அதப் பாக்க மாட்டேன்னு டிக் போட்டது நீதானே மக்கா?"

உங்களுக்கும் சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்கள் வாசலில் ஒரு பிள்ளை தாளோடு வந்து நிற்கும். தாளை வாங்காதீர்கள். தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி அனுப்புங்கள், அதுவும் உதவிதான். என் பெயரில் எத்தனையோ கடிதங்கள் போயிருக்கின்றன. அவற்றில், கேட்டவர் படிக்காமல் நான் படித்து அனுப்பியது அது ஒன்றுதான்.